ரைட் ஆஃப் ஸ்பிரிங், வெபெர்ன், பார்டோக்: எந்த ஒலிப்பதிவைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

வைகறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெத்தோவன், பிராம்ஸ், சைக்கோவ்ஸ்கி எல்லாம் காதுக்கு நன்றாகப் பழகிவிட்டது. மாலரின் நீளமான சிம்பொனிகளையும் இப்போது பொறுமையாகக் கேட்க முடிகிறது. அதற்கு அடுத்த படிதான் ஏற முடியவில்லை. 1909 வாக்கில் தொடங்கி அடுத்த இருபது முப்பது வருடங்களில் வந்த ஆர்கெஸ்ட்ரா இசையைச் சொல்கிறேன். ஷோன்பெர்க், வெபெர்ன், பெர்க், பார்டோக், வாரேஸ் இவர்களெல்லாம். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' மட்டும் ஓரளவு பிடிபட்டிருக்கிறது, அதுவும் அதன் தாள வேகத்தால்தான்.

செயலியில் தேடினால் ஒரே படைப்புக்கு ஐம்பது அறுபது ஒலிப்பதிவுகள் வந்து நிற்கின்றன. 1929இல் எடுத்ததும் இருக்கிறது, போன வருடம் எடுத்ததும் இருக்கிறது. "சுரம் ஒன்றுதானே, எதைக் கேட்டால் என்ன?" என்கிறார் நண்பர் ஒருவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதில் தொடங்கலாம், எதைக் கவனிக்கலாம் என்று பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தட்டுக்காரர் எழுதியது:

வைகறை, நல்ல கேள்வி. பிராம்ஸ் சிம்பொனியை ஒரு சின்ன ரேடியோவில் கேட்டாலும் மெட்டு வந்து சேர்ந்துவிடும். நீங்கள் சொல்லும் இசையில் அது நடக்காது. எந்த வாத்தியம், எவ்வளவு மெல்லிய ஒலியில், எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கிறது என்பதுதான் அங்கே விஷயமே. அது தட்டில் பதியவில்லை என்றால் அந்தப் படைப்பில் பாதி உங்களுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதனால் எந்தத் தட்டு என்பது சேகரிப்பாளர்களின் வீண் பெருமைக்கான கேள்வி இல்லை.

'ரைட்' ஏற்கெனவே பழக்கம் என்பதால் அங்கிருந்தே போகலாம். 1913 மே 29, பாரிஸ் ஷான்ஸ் எலிஸே அரங்கில் பியர் மோன்தூ நடத்த அரங்கேறியது. அன்று அரங்கில் பார்வையாளர்கள் எதிர்த்துப் போட்ட கூச்சல் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்த இசை தட்டாக வெளிவர பதினாறு வருடம் ஆனது. 1929இல் பாரிஸில் இரண்டு ஒலிப்பதிவுகள் எடுத்தார்கள்: ஒன்று மோன்தூவுடையது, இன்னொன்று ஸ்ட்ராவின்ஸ்கியே நடத்தியது. ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவில் ஸ்டோகோவ்ஸ்கியும் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவும் பதிவு செய்தார்கள். அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு, நாலரை நிமிடம்தான் கொள்ளும். அரை மணி நேரத்துக்கும் மேலான படைப்பை நாலு நிமிடத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். பிசகினால் ஒட்டுப்போட வழியில்லை, அந்தத் துண்டை முதலிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று பிற்கால கண்டக்டர்களுக்கு (ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர்களுக்கு) ஓர் ஆதாரம் இருக்கட்டும் என்றுதான் ஸ்ட்ராவின்ஸ்கி தன் படைப்புகளைத் தானே பதிவு செய்தார். 'ரைட்'டை 1940இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடும், 1960இல் கொலம்பியா சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடும் மறுபடி பதிவு செய்தார். மூன்றிலும் வேகம் ஒன்றுபோல் இல்லை. எழுதியவர் நடத்தியதே இறுதித் தீர்ப்பு என்று நினைப்பவர்கள் இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

என் பரிந்துரை: முதலில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 1960. எதிரொலி குறைவு, வாத்தியங்கள் அருகில் நிற்கும், ஒவ்வொன்றின் விளிம்பும் கேட்கும். அடுத்து மோன்தூ பாஸ்டனில் 1951இல் எடுத்தது. 1929 தட்டுகளை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

லயக்காரன் எழுதியது:

மிருதங்கம் படித்தவன் என்பதால் தாளப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். வைகறைக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

'ரைட்'டில் முன்னுரைக்கு அடுத்து வரும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தி வாத்தியங்கள் ஒரே கோர்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தை) இடித்துக்கொண்டே இருக்கும், எட்டு ஹார்ன்கள் சில இடங்களில் மட்டும் சேர்ந்து அழுத்தும். அங்கே ஆதி தாளம் போடுங்கள். அட்சரத்துக்கு நாலு மாத்திரை. அவர் எழுதிய ஒரு பார் (மேற்கத்திய தாளக் கட்டம்) நமக்கு ஒரு அட்சரம், எட்டு பார் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று. மொத்தம் 32. வேகம் நிமிடத்துக்கு 50 அட்சரம் என்று அவரே குறித்திருக்கிறார்.

முதல் ஒன்பது மாத்திரை அழுத்தமே இல்லாமல் போகும். பத்தாவதில் முதல் அடி விழும். பிறகு 12, 18, 21, 25, 30. அதாவது 9, 2, 6, 3, 4, 5, 3. கூட்டிப் பாருங்கள், சரியாக 32. நம் கணக்கில் இவ்வளவு தூரம் வந்தால் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் மாத்திரையில், ஓர் அடி விழுந்தே தீரும். இங்கே சமத்தில் ஹார்ன் வாயே திறக்காது. அந்த வெறுமையைக் கையில் தாளம் போட்டபடி உணர்ந்தால்தான், 1913இல் கேட்டவர்களுக்கு ஏன் நிலைகொள்ளவில்லை என்பது புரியும்.

கடைசியில் வரும் 'பலி நடனம்' வேறு கதை. அங்கே திரும்பி வருகிற ஆவர்த்தனமே கிடையாது. 2, 3, 5 என்று பாருக்குப் பார் எண்ணிக்கை மாறும். தாளம் போட்டால் கை நின்றுவிடும். உள்ளே ஓடும் மிகச் சிறிய மாத்திரையை மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஒலிப்பதிவுகளுக்குள் வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இங்கேதான். பியர் புலேஸ் கிளீவ்லண்ட் ஆர்கெஸ்ட்ராவோடு 1969இல் எடுத்ததில் அந்தச் சின்ன மாத்திரை கடைசி வரை ஒரே அளவாக நிற்கும். மோன்தூவின் 1929இல், எண்ணிக்கை மாறும் இடங்களில் வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் தேடுவது கேட்கும். இரண்டும் எனக்கு வேண்டும். முதலாவதில் கணக்கு தெரியும், இரண்டாவதில் அந்தக் கணக்கு மனிதர்களை என்ன பாடு படுத்தியது என்பது தெரியும்.

மழைக்குருவி எழுதியது:

தட்டுக்காரர் சார் மேல் மரியாதை உண்டு. ஆனால் புதிதாக வருபவரிடம் 1929 தட்டை மூன்றாவது இடத்தில்கூட நான் கொடுக்க மாட்டேன்.

1925க்குப் பிறகு மைக்ரோபோன் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் பெரிய முரசின் அடியாழம் அந்தத் தட்டில் இல்லை, மெல்லிய ஓசைகள் தட்டின் இரைச்சலுக்குள் போய்விடுகின்றன. 'ரைட்'டின் இரண்டாம் பாகத் தொடக்கத்தைக் கேளுங்கள். அந்த இருட்டான, அடங்கிய பகுதி 1929இல் ஒரு கலங்கலாக மட்டுமே வரும். அதைக் கேட்டுவிட்டு இந்த இசைக்கு வேகமும் சத்தமும்தான் என்று ஒருவர் முடிவு கட்டினால் அது அவர் குற்றமில்லை.

ஆகவே முதலில் புலேஸ் 1969, அல்லது காலின் டேவிஸ் கான்செர்ட்கெபௌ ஆர்கெஸ்ட்ராவோடு 1976இல் எடுத்தது. லாஸ் ஏஞ்சலஸில் எசா-பெக்கா சாலொனென் 2006இல் பதிவு செய்ததும் ஒலித் தெளிவுக்காகவே கேட்க வேண்டியது.

தட்டுக்காரர் எழுதியது:

மழைக்குருவி, நீங்கள் சொல்லும் மூன்றும் என்னிடமும் இருக்கின்றன, அடிக்கடி கேட்பவைதான். ஆனால் தெளிவு கூடும்போது வேறொன்று குறைகிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

'ரைட்' எப்படித் தொடங்குகிறது? பஸூன் என்ற மரக்குழல் வாத்தியம் தனியாக, அதன் மிக உச்ச ஸ்தாயியில், லிதுவேனிய நாட்டுப்பாடல் ஒன்றை வாசிக்கும். அந்த உயரம் அன்று அந்த வாத்தியத்துக்கு வழக்கமில்லாத இடம். மூச்சு முட்டுகிற குரல்போல ஒலித்திருக்கும், ஸ்ட்ராவின்ஸ்கி கேட்டதும் அதைத்தான். இன்று இசைக் கல்லூரி மாணவர்கள் அந்த வரியைப் பாடமாகவே தயார் செய்கிறார்கள், அழகாக வழுக்கிக்கொண்டு வருகிறது. அந்த அழகு அந்த இடத்துக்குப் பொருத்தமா என்று நான் ஒவ்வொரு முறையும் யோசிப்பேன்.

கண்டக்டர் கராயன் 1960களில் பெர்லினில் எடுத்த ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு ஸ்ட்ராவின்ஸ்கி எழுதியது நினைவிருக்கும். மெருகு அதிகம், இது நிஜக் காட்டுமனிதன் இல்லை, வீட்டில் வளர்த்த காட்டுமனிதன் என்ற பொருளில் எழுதினார். கராயன் 1970களில் அதே படைப்பை மறுபடி பதிவு செய்தார்.

இரண்டையும் ஒன்றாகப் பெற ஒரு வழி உண்டு. பிரான்ஸ்வா-சேவியர் ரோத்தும் 'லே சியெக்ல்' குழுவும், நூற்றாண்டான 2013இல், அந்தக் காலத்துப் பிரெஞ்சு வாத்தியங்களையே வைத்து வாசித்தார்கள். பித்தளை வாத்தியங்கள் மெலிந்த உடலும் கூர்மையான குரலும் கொண்டவை. பஸூனில் அந்த நெருக்கடி திரும்பக் கிடைக்கிறது. ஒலிப்பதிவும் இன்றைய தரம்.

நிசப்தம் எழுதியது:

'ரைட்' பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். அதே 1913இல், அதற்கு இரண்டு மாதம் முன்னால், மார்ச் 31 அன்று வியன்னாவில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முசிக்ஃபெராயின் அரங்கில் ஷோன்பெர்க் நடத்திய கச்சேரி. வெபெர்னின் 'ஆறு துண்டுகள்' அங்கே ஒலித்தது. பெர்க்கின் பாடல்கள் வந்தபோது அரங்கில் கைகலப்பு, கடைசியில் வாசிக்க வைத்திருந்த மாலரின் பாடல்களை எடுக்கவே முடியாமல் கச்சேரி நின்றுபோனது.

வைகறைக்கு நான் சொல்லும் வழி இதுதான்: இந்த 'ஆறு துண்டுகள்' மொத்தமே பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அதில் நாலாவதை மட்டும் முதலில் கேளுங்கள். 1906இல் இறந்த வெபெர்னின் தாயின் நினைவு இந்தப் படைப்பு முழுவதிலும் இருக்கிறது, நாலாவது துண்டு ஒரு சவ ஊர்வலம். தாள வாத்தியங்கள் மட்டும், கேட்கிறதா இல்லையா என்ற அளவில் தொடங்கும். பெரிய முரசு, டாம்-டாம் என்கிற பெரிய தொங்குதட்டு, ஆழ்ந்த மணிகள். மெட்டு என்று எதுவும் கிடையாது. மேலே குழல்களும் கொம்புகளும் சின்னச் சின்னதாய் ஏதோ சொல்லிவிட்டு அடங்கும். கடைசியில் பித்தளையும் முரசும் சேர்ந்து எழும் ஓசை, அதே அறையில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி நிறுத்திவிடும்.

இங்கேதான் ஒலிப்பதிவுப் பிரச்சினை. தொடக்கம் உங்களுக்குக் கேட்கவில்லை என்று ஒலியளவைக் கூட்டினால் முடிவில் காது கிழியும். முடிவுக்குத் தகுந்தபடி வைத்தால் தொடக்கமே இல்லை. எல்.பி. காலத்தில் அந்தத் தொடக்கம் ஊசியின் உரசலோடு போட்டிபோட்டது. சி.டி. வந்த பிறகுதான் அந்த அமைதி அமைதியாகவே வீட்டுக்கு வந்தது. ஆகவே இதை பஸ்ஸிலோ ரயிலிலோ கேட்காதீர்கள். வீட்டிலும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். நான் இதைச் சடங்காகச் சொல்லவில்லை. மின்விசிறி ஓடினால் முதல் அரை நிமிடம் நிஜமாகவே காணாமல் போய்விடும்.

இன்னொரு குறிப்பு: 1909இல் மிகப் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதை 1928இல் வெபெர்ன் குறைத்து எழுதினார். எந்த வடிவம் என்று உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் எழுதிய வடிவத்தில் அந்த இறுதி எழுச்சி இன்னும் பயங்கரம்.

வைகறை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. லயக்காரன் சொன்னபடி தாளம் போட்டுக் கேட்டேன். 30இல் அடி விழுந்து, சமத்தில் எதுவும் வராமல் போகும்போது கை அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. இதுவரை அந்தப் பகுதியை வெறும் முரட்டு அடி என்றுதான் கேட்டிருக்கிறேன்.

வெபெர்னின் நாலாவது துண்டும் ஆயிற்று. மறுபடி கேட்கத் தோன்றியது, இது எனக்குப் புதிது. ஆனால் ஷோன்பெர்க்கின் 'ஐந்து துண்டு'களில் மூன்றாவது, 'நிறங்கள்' என்ற பெயரில் இருப்பது, அதில் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கிறது. எதைப் பிடித்துக்கொள்வது?

யாழ்_வாசி எழுதியது:

வைகறையின் கேள்விக்கு மற்றவர்கள் பதில் சொல்லுவார்கள். நான் பார்டோக் பற்றி ஒன்று சொல்லிப்போட்டுப் போகிறேன், ஏனென்றால் இந்த இழையில் கதைக்கிற விஷயத்துக்கு அதைவிட வடிவான உதாரணம் கிடையாது.

'தந்தி, தாள வாத்தியங்கள், செலஸ்டாவுக்கான இசை' 1936இல் எழுதினது. அடுத்த வருடம் ஜனவரி 21இல் பாசல் நகரத்தில் பால் சாஹர் நடத்தினார். பார்டோக் மேடையில் யார் எங்கே இருக்கவேண்டும் என்று ஸ்கோரிலேயே (இசைப் பிரதியிலேயே) குறித்து வைத்திருக்கிறார். தந்தி வாத்தியங்கள் இரண்டு அணி, ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். நடுவில் பியானோ, செலஸ்டா (மணிபோல ஒலிக்கும் சின்ன விசைக்கருவி), ஹார்ப், தாள வாத்தியங்கள். இரண்டாவது மூவ்மென்ட்டில் இந்த இரண்டு அணியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும்.

இப்ப மோனோ ஒலிப்பதிவில் இது எப்படிக் கேட்கும்? ஃபிரிச்சாய் பெர்லினில் 1950களில் எடுத்தது அருமையான வாசிப்பு, தாளம் கத்திமாதிரி. ஆனால் இரண்டு அணியும் ஒரே இடத்திலிருந்துதான் வரும், உரையாடல் தனிப்பேச்சாகிவிடும். 1958இல் ஃபிரிட்ஸ் ரைனர் சிகாகோவில் ஸ்டீரியோவில் எடுத்ததைக் கேளுங்கள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று கேள்வியும் பதிலும் போய்வரும். எழுதி இருபது வருடத்துக்குப் பிறகுதான் வீட்டிலிருந்து கேட்பவனுக்கு அந்தப் படைப்பு முழுதாகக் கிடைத்தது என்று நான் சொல்லுவேன்.

முதல் மூவ்மென்ட்டும் கவனிக்கவேண்டியது. வயோலாக்கள் மட்டும் தணிந்த குரலில் தொடங்கி, அணி அணியாகச் சேர்ந்து, உச்சத்துக்குப் போய், திரும்பத் தொடங்கின சுரத்துக்கே இறங்கும். இறங்கும்போது செலஸ்டா வரும் இடம் ஒன்று இருக்கிறது. அதை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியாது, கேளுங்கள்.

கபிலை எழுதியது:

வைகறை, 'நிறங்கள்' துண்டில் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கிறது என்றீர்கள். ஷோன்பெர்க் விரும்பியதும் ஏறக்குறைய அதைத்தான். ஐந்து சுரம் கொண்ட ஒரே கோர்ட், மிக மெல்லிசாக, அசையாமல் நிற்கிற மாதிரி. ஆனால் அதை வாசிப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு முறை ஃப்ளூட், கிளாரினெட், பஸூன், வயோலா. அடுத்து அதே சுரங்கள் இங்கிலிஷ் ஹார்ன், ட்ரம்பெட், ஹார்ன் பக்கம் போகும். மாறிய கணம் தெரியக்கூடாது, மாறியிருக்கிறது என்பது மட்டும் தெரிய வேண்டும். தம்பூரா நாதத்தைக் கண்ணை மூடிக் கேட்டால் ஒரே சுருதிக்குள் மேல்சுரங்கள் மின்னி மறைவது தெரியுமே, அந்தக் காதோடு கேளுங்கள். மெட்டைத் தேடாதீர்கள். பிற்பாடு இந்தத் துண்டுக்கு 'ஏரிக்கரையில் கோடைக் காலை' என்றும் தலைப்பு வைத்தார்.

இதற்கு ஒலிப்பதிவில் இரண்டு ஆபத்து. எதிரொலி அதிகமானால் ஒரு நிறம் அடுத்ததோடு குழைந்து சேறாகிவிடும். மைக்ரோபோனை ஒவ்வொரு வாத்தியத்தின் வாயருகே வைத்தால் யார் எப்போது நுழைகிறார்கள் என்று அப்பட்டமாகத் தெரிந்து, மாயம் போய்விடும். நடுவழியில் நிற்பது கஷ்டம். டோராட்டி 1962இல் லண்டன் சிம்பொனியோடு மெர்குரி நிறுவனத்துக்காக எடுத்தது அந்த நடுவழிக்கு மிக அருகில் வருகிறது. அவர்கள் ஸ்டீரியோவுக்கு மூன்றே மைக்ரோபோனை ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பதிவு செய்தவர்கள். சமநிலையை கண்டக்டர் மேடையிலேயே அமைக்க வேண்டும், பிறகு திருத்த இடம் குறைவு. அந்த ஒரே எல்.பி.யில் ஷோன்பெர்க், வெபெர்ன், பெர்க் மூவருமே இருக்கிறார்கள், புதியவருக்கு இதைவிட நல்ல வாசல் தெரியவில்லை. சைமன் ராட்டில் பர்மிங்ஹாம் ஆர்கெஸ்ட்ராவோடு எடுத்ததும் நன்றாக இருக்கும்.

நேர் எதிர்த் துருவம் கராயன். ஷோன்பெர்க்கின் 'ஆர்கெஸ்ட்ராவுக்கான வேரியேஷன்'களை 1970களில் பதிவு செய்தபோது, ஒவ்வொரு வேரியேஷனுக்கும் கலைஞர்களின் இருக்கையை மாற்றி அமைத்தார். கச்சேரி மேடையில் இதைச் செய்ய முடியாது என்பது அவருக்கே தெரியும். அந்த இசைக்கு வேண்டிய ஒலியைத் தட்டில்தான் கொண்டுவர முடியும் என்று நம்பினார். அந்தத் தொகுப்பில் வெபெர்னும் பெர்க்கும் உண்டு. தந்தி வாத்தியங்களின் அந்த மென்மையை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

மழைக்குருவி எழுதியது:

கபிலை, அது எனக்கு உறுத்துகிறது. எந்த அரங்கிலும் கேட்க முடியாத ஒன்றை ஒலிப்பதிவு என்று எப்படிச் சொல்வது? கச்சேரியில் எட்டாவது வரிசையில் உட்கார்ந்தவருக்கு என்ன கேட்குமோ அதுதானே அளவுகோலாக இருக்க வேண்டும்? தெளிவு வேண்டும் என்று நான்தான் வாதிட்டேன். ஆனால் நான் கேட்டது நடந்ததைத் தெளிவாகக் காட்டுவதை. நடக்காததைக் கட்டுவது வேறு.

கபிலை எழுதியது:

நாடகத்துக்கு அந்த அளவுகோல் சரி. ஷோன்பெர்க்கின் ஸ்கோரில் எந்தக் குரல் முதன்மை, எது அடுத்தது என்று குறியிட்டே வைத்திருக்கிறார். எந்தக் குரல் மேலே கேட்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. சாதாரண அரங்கில் ஹார்ன் கூட்டத்துக்குப் பின்னால் அந்த முதன்மைக் குரல் மறைந்துபோனால், எட்டாவது வரிசைக்காரர் கேட்டது ஷோன்பெர்க் எழுதியது இல்லையே. தாளில் இருப்பதற்கு உண்மையாக இருக்க ஒருவர் நாற்காலியை நகர்த்தினால் அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தட்டுக்காரர் எழுதியது:

இதில் நான் மழைக்குருவி பக்கம் பாதி. ஆனால் ஒன்று: 1932இலேயே ஸ்டோகோவ்ஸ்கி ஷோன்பெர்க்கின் பிரமாண்டமான 'குர்ரெலீடர்' படைப்பை பிலடெல்பியாவில் நேரடி நிகழ்ச்சியாகப் பதிவு செய்து 14 தட்டுகளாக வெளியிட வைத்தார். தட்டு என்பது நினைவுச் சின்னம் மட்டுமில்லை, அரங்குக்கு வர முடியாதவர்களுக்கு அதுதான் அரங்கு என்று முதலில் புரிந்துகொண்டவர்களில் அவர் ஒருவர். கராயன் அந்த வழியில்தான் போனார், கொஞ்சம் அதிக தூரம் போய்விட்டார்.

கொங்குநாதம் எழுதியது:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். ஒரு தொடர்பை யாரும் தொடவில்லை. கொஞ்சம் விலகல்தான், ஆர்கெஸ்ட்ரா இல்லை, சின்னக் குழு இசை. ஆனாலும் இதே வட்டம், இதே வருடங்கள், அதுவும் இசைத்தட்டு சம்பந்தப்பட்டது.

மாரிஸ் தெலாஜ் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். ராவெலின் மாணவர், ஸ்ட்ராவின்ஸ்கிக்கு நெருங்கிய நண்பர். 1912 வாக்கில் இந்தியா வந்து சுற்றினார். திரும்பி எழுதியதுதான் 'நான்கு இந்துக் கவிதைகள்': மதராஸ், லாகூர், பெனாரஸ், ஜெய்ப்பூர் என்று நாலு பாடல்கள், ஒரு பெண் குரலும் சில வாத்தியங்களும். 1914 ஜனவரியில் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'மூன்று ஜப்பானியப் பாடல்கள்', மல்லார்மேயின் கவிதைகளுக்கு ராவெல் எழுதிய பாடல்கள் இவற்றோடு ஒரே மேடையில் அரங்கேறியது. ஸ்ட்ராவின்ஸ்கி அந்த ஜப்பானியப் பாடல்களில் ஒன்றைத் தெலாஜுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார்.

தெலாஜ் இந்திய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவர் மனதைப் பறித்தது கோயம்புத்தூர் தாயி பாடிய கிராமபோன் தட்டு. அதை அடிப்படையாக வைத்தே 'ராகமாலிகா' என்று பியானோவுக்கு ஒரு படைப்பு எழுதினார். அதில் ஒரு தந்தியின் ஒலியை அடக்கி, தோல்கருவி போலக் கேட்கச் செய்திருக்கிறார். பியானோவுக்குள் பொருளை வைத்து ஒலியை மாற்றும் வழக்கம் பிற்பாடு பெரிதாகப் பேசப்பட்டது. இவர் அதற்கெல்லாம் முன்னோடி.

'லாகூர்' பாட்டின் தொடக்கத்தில் செல்லோ தனியாக வரும். தந்தியைத் தட்டி, விரலை இழுத்து, வாசிப்பவர் நம் ஊர்க் கமகத்தைப் பிடிக்கப் பார்ப்பார். ஜேனட் பேக்கர் 1960களில் பாடிய ஒலிப்பதிவில் கேளுங்கள். நம் மண்ணில் ஒரு பெண்மணி பாடிய தட்டு பாரிஸில் புதிய இசை எழுதுபவரின் மேசையில் சுழன்றிருக்கிறது. இதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான்.

வைகறை எழுதியது:

கொங்குநாதம், இது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. உடனே தேடிக் கேட்டேன், அந்தச் செல்லோ ஆச்சரியம்தான். பெர்க் பற்றி யாரும் சொல்லவில்லையே? வயலின் கான்செர்ட்டோவில் தொடங்கலாமா?

நிசப்தம் எழுதியது:

தாராளமாக. இந்தக் கூட்டத்திலேயே முதல் கேட்பில் உள்ளே இழுக்கும் படைப்பு அது. ஜோசஃப் சுக் வாசித்து அன்செர்ல் நடத்திய செக் ஒலிப்பதிவு, இல்லையென்றால் இஸபெல் ஃபௌஸ்டும் அப்பாடோவும் சேர்ந்து எடுத்தது. இரண்டும் கிடைக்கும்.

தட்டுக்காரர் எழுதியது:

பெர்க் என்றதும் நான் சொல்லியாக வேண்டிய ஒரு தட்டு உண்டு.

பதினெட்டு வயதில் போலியோவால் இறந்த மனோன் க்ரோபியஸ் என்ற பெண்ணின் நினைவாக 1935இல் பெர்க் இந்தக் கான்செர்ட்டோவை எழுதினார். 'ஒரு தேவதையின் நினைவுக்கு' என்பது சமர்ப்பணம். கடைசிப் பகுதியில் பாக்கின் 'போதும்' என்ற துதிப்பாடல் வரும். அரங்கில் கேட்க பெர்க் இல்லை, அந்த டிசம்பர் 24 அன்றே இறந்துவிட்டார். 1936 ஏப்ரல் 19இல் பார்சலோனாவில் லூயிஸ் க்ராஸ்னர் வாசித்து அரங்கேறியது. நடத்த வேண்டியவர் வெபெர்ன். நண்பனின் கடைசிப் படைப்பு. ஒத்திகையைத் தொடங்கியும் அவரால் முடிக்க முடியவில்லை, விலகிக்கொண்டார். ஹெர்மன் ஷெர்ஹென் கடைசி நேரத்தில் ஏற்று நடத்தினார்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மே 1 அன்று லண்டனில், பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு, அதே க்ராஸ்னர் வாசிக்க, வெபெர்ன் நடத்தினார். அது ஒலிபரப்பானது. க்ராஸ்னர் தன் சொந்தப் பிரதியாக அசிடேட் தட்டுகளில் அதை வைத்திருந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அதிலிருந்துதான் வெளியீடு வந்தது. வெபெர்ன் நடத்திய இசை ஒலிப்பதிவாக நமக்குக் கிடைப்பது அபூர்வம்.

ஒலி மோசம், மறைக்கவில்லை. கரகரப்பு, இடையிடையே மங்கல். ஆனால் அந்தப் பாக் துதி வரும் இடத்தில் வெபெர்ன் எவ்வளவு மெதுவாகப் போகிறார் என்று கேளுங்கள். எந்த ஸ்டூடியோவிலும் யாரும் துணியாத வேகம். மழைக்குருவி, உங்களிடம்தான் கேட்கிறேன்: இதையும் புதியவருக்குக் கொடுக்க மாட்டீர்களா?

மழைக்குருவி எழுதியது:

இதைக் கொடுப்பேன் சார். ஆனால் ஃபௌஸ்ட் வாசித்ததை நன்றாகப் பழகிய பிறகு. பழகிய காதுக்குத்தான் அந்தக் கரகரப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும். 'ரைட்' 1929 பற்றி என் கருத்தில் மாற்றமில்லை. அதில் பழமை இருக்கிறது. இந்த 1936 தட்டில் வேறு எந்த ஒலிப்பதிவும் சொல்லாத ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

லயக்காரன் எழுதியது:

மழைக்குருவி, 'ரைட்' 1929இலும் அப்படி ஒன்று இருக்கிறது என்பதுதான் என் கட்சி. அரங்கேற்றத்தை நடத்திய அதே மோன்தூவின் கை அது. சரி, இது முடியாத வாதம்.

வைகறை, வாரேஸும் அமெரிக்க இசையமைப்பாளர் ஐவ்ஸும் இன்னும் பாக்கி. வாரேஸின் 'அமேரிக்ஸ்' கேட்பதாக இருந்தால் ரிக்கார்டோ ஷாயி 1990களில் எடுத்த தொகுப்பில் அவர் முதலில் எழுதிய வடிவம் இருக்கிறது, அந்த சைரன் ஓசையை ஹெட்ஃபோனில் வேண்டாம், ஸ்பீக்கரில் கேளுங்கள். ஐவ்ஸின் நாலாவது சிம்பொனிக்கு ஸ்டோகோவ்ஸ்கியின் 1965 ஒலிப்பதிவு. பல பத்தாண்டுகளாகக் கிடப்பில் இருந்த அந்தப் படைப்பு முழுதாக அரங்கேறியதே அந்த ஏப்ரல் 26இல்தான், நியூயார்க் கார்னகி அரங்கில். ஒரே சமயத்தில் வெவ்வேறு வேகம் ஓடும் இடங்களுக்காக, அவரோடு இன்னும் இரண்டு கண்டக்டர்கள் நின்றார்கள். அடுத்த சில நாட்களிலேயே அதைப் பதிவு செய்தார்கள். இரண்டாவது மூவ்மென்ட்டில் எந்தக் கூட்டம் எந்த வேகத்தில் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். எண்ணியதை இங்கே எழுதுங்கள், என் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.